மீட்டர் சீலைத் தொடாமலே வீட்டு மின் கணக்கை மொபைலில் பார்க்கலாம்

மறுபடியும் அதே காட்சி. சீல் அறுந்த மீட்டர், கழற்றி வைத்த டெர்மினல் மூடி, உள்ளே நுழைத்த இரண்டு மெல்லிய வயர்கள், வெளியே தொங்கும் ஒரு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்). செய்தவருக்கு ஆசை ஒன்றுதான்: வீட்டு மின் செலவை ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் பார்க்க வேண்டும், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் முன் மொபைலுக்கு எச்சரிக்கை வர வேண்டும். நியாயமான ஆசை. 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். ஆனால் அதற்காக ஈபி மீட்டரைத் திறக்க வேண்டியதே இல்லை.

"ஸ்மார்ட் மீட்டர்தானே சார், வைஃபையில் சேர்த்துவிடலாமே?" என்று கேட்கிறார்கள். சேராது. தயவுசெய்து இதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நம் நாட்டு ஸ்மார்ட் மீட்டர் பேசுவது உங்கள் ரூட்டரோடு அல்ல, மின் வாரியத்தின் சர்வரோடு. அக்கம்பக்கத்து மீட்டர்கள் வழியாக ரேடியோ அலையில் போகும், அல்லது மொபைல் நெட்வொர்க்கில் போகும். போகும் தகவல் பூட்டப்பட்டது, சாவி வாரியத்திடம் இருக்கிறது. முகப்பில் வட்டமாகத் தெரியும் ஆப்டிகல் போர்ட்டும் வாரிய ஊழியருக்கானது.

இந்தக் குழப்பம் வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வருகிறது. நெதர்லாந்து மீட்டரில் பி1 என்று ஒரு சாக்கெட் உண்டு. வீட்டுக்காரர் பயன்படுத்தவென்றே வைத்தது, புதிய மீட்டர்களில் ஒவ்வொரு நொடியும் கணக்கை வெளியே தரும். பிரிட்டனில் ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ வழியாக வீட்டுக்குள்ளேயே தகவல் கிடைக்கும். ஜெர்மனியில் முகப்பின் இன்ஃப்ராரெட் விளக்கைப் படிக்கலாம். 'ஸ்மார்ட்' என்ற பெயர் ஒன்று என்பதால் நம் வீட்டு மீட்டரிலும் அப்படி ஒரு துளை ஒளிந்திருக்கும் என்று நம்பி மூடியைக் கழற்றுகிறார்கள். அங்கே இருப்பது வாரியத்தின் ஃபியூஸைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லாத நேரடி சப்ளை. கை தவறினால் உங்கள் மெயின் சுவிட்சோ ஆர்சிசிபியோ (கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) உதவிக்கு வராது, அவை அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. சட்டமும் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 135, 138 பிரிவுகள் இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. "ஆட்டோமேஷனுக்காகத்தான் திறந்தேன்" என்று மின் திருட்டைப் பிடிக்க வரும் வாரிய ஸ்குவாடிடம் விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

காந்தமும் வேண்டாம். மீட்டர் முகப்பில் ஒட்டிப் படிக்கும் வெளிநாட்டு ரீடர் கருவிகள் பலவற்றின் பின்புறம் வளையக் காந்தம் இருக்கும். நம் மீட்டர்கள் வலுவான காந்தப்புலத்தை உணர்ந்தால் அதை நேரத்தோடு குறித்துவைக்கும். காந்த மொபைல் ஹோல்டரைக்கூட மீட்டர் பாக்ஸில் ஒட்டாதீர்கள்.

மீட்டரைத் தொடாமல் எடுக்கும் எளிய வழி, முகப்பில் மினுக்கும் சிவப்பு எல்இடி. ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் (மினுக்கல்) என்று அருகிலேயே அச்சிட்டிருக்கும், சிங்கிள் ஃபேஸில் 3200 சாதாரணமாகக் காணும் எண். உங்கள் மீட்டரில் உள்ளதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். த்ரீ ஃபேஸ் மீட்டரில் இரண்டு எல்இடி இருந்தால் ஒன்று ரியாக்டிவ் கணக்குக்கானது (உங்கள் யூனிட் கணக்கு அல்ல), அதில் சென்சாரை வைத்துவிட்டு எண் பொருந்தவில்லை என்று குழம்ப வேண்டாம். ஒளியை உணர எல்டிஆர் வேண்டாம், அது மெதுவானது, வேகமான ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வாங்குங்கள். 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். ஈஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்-அப் (சிக்னல் இல்லாதபோது பின்னை மேல் நிலையில் நிறுத்தும் ரெசிஸ்டர்) கிடையாது என்பதை மறக்க வேண்டாம். போர்டுக்கான 5 வோல்ட்டை வீட்டுக்குள் ஒரு பிளக்கிலிருந்து எடுங்கள், மீட்டர் டெர்மினலிலிருந்து அல்ல. சென்சாரைச் சுற்றிக் கருப்பு டேப் ஒட்டி வெயில் படாமல் மறையுங்கள், இல்லையென்றால் மதியத்தில் இல்லாத லோடெல்லாம் கணக்கில் ஏறும். ரீடிங் எடுக்க வருபவருக்கு டிஸ்பிளே மறையக் கூடாது.

ஈஎஸ்பி32-ஐ ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளின் பல்ஸ் மீட்டர் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பல்ஸ் என்று தரும். 3200 மீட்டருக்கு அதை 18.75-ஆல் பெருக்கினால் வாட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரைச்சலைத் தவிர்க்க ஃபில்டரை (மிக நெருக்கமாக வரும் பல்ஸைத் தள்ளிவிடும் நேர வரம்பு) 150 மில்லிசெகண்ட் என்று வைத்தால், 7.5 கிலோவாட்டில் பல்ஸ் இடைவெளியே அவ்வளவுதான். ஹீட்டர், இரண்டு ஏசி, மோட்டார் சேர்ந்து ஓடும் நேரத்தில் பல்ஸ்கள் விடுபட்டுக் கணக்கு குறையும். 100-க்கு மேல் போகாதீர்கள்.

வோல்ட்டேஜ், பவர் ஃபேக்டர் எல்லாம் வேண்டுமென்றால் சிடி (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள பிஇசட்ஈஎம்-004டி போன்ற அளவு மாட்யூல். இதில்தான் அதிகம் பேர் அடி வாங்குகிறார்கள். ஈஎஸ்பி32-ஓடு பேசும் டிடிஎல் பக்கம் ஆப்டோகப்ளரால் (ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் பாகம்) பிரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து முழு போர்டும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். சிடி செருகும் முனைகள் மெயின்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவை. வோல்ட்டேஜ் வயர் இணைந்திருக்கும்போது அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டால் 230 வோல்ட்டையே தொடுகிறீர்கள். திறந்த போர்டை டிபி பாக்ஸுக்குள் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) செருகாதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி கட்டாயம். வோல்ட்டேஜ் வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். லோடு ஓடும்போது சிடியின் வயரைப் பிடுங்காதீர்கள், பர்டன் (சிடி முனைகளை இணைக்கும் சிறு ரெசிஸ்டர்) இல்லாத சிடி முனைகளில் வோல்ட்டேஜ் எகிறும். வாரியச் சிடியின் மேலோ மீட்டருக்கு முன்னாலோ எதையும் மாட்டாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் அதன் மேல் முனைகளில் கரண்ட் இருக்கும், வீட்டில் எல்லா விளக்கும் அணைந்திருந்தாலும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சுவது இதனால்தான்.

சிடி பூஜ்யம் காட்டினால் பெரும்பாலும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வளைத்திருப்பீர்கள். ஒரே கோர் மட்டுமே உள்ளே போக வேண்டும். கணக்கு குறைந்து, சில நாள் சரியாகவும் காட்டினால் திறந்து மூடும் சிடியின் இரு முகங்களையும் துடைத்து, 'டக்' என்று மூடுகிறதா பாருங்கள். இடையில் ஒரு மெல்லிய தூசிப் படலம் போதும் அளவைக் கெடுக்க.

சரி பாதியைக் காட்டினால்? த்ரீ ஃபேஸ் வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வோல்ட்டேஜை ஆர் ஃபேஸில் எடுத்து சிடியை ஒய் ஃபேஸில் மாட்டினால் இரண்டுக்கும் 120 டிகிரி வித்தியாசம். ஹீட்டர் போன்ற லோடுக்கே பவர் ஃபேக்டர் 0.5 என்று வரும், வாட் பாதியாகும். ஃபேஸ் மாற்றும் செலக்டர் சுவிட்ச் உள்ள வீட்டில் இன்னும் மோசம். வோல்ட்டேஜை சுவிட்சுக்கு முன்னாலும் சிடியைப் பின்னாலும் வைத்திருந்தால், யாரோ குமிழைத் திருப்பிய அன்று கணக்கு திடீரென்று பாதியாகும். இரண்டையும் சுவிட்சுக்குப் பின்னால், ஒரே வயரிலிருந்து எடுங்கள். மூன்று ஃபேஸுக்கு மூன்று மாட்யூல்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மொத்தக் கணக்குக்கான சிடி இன்வெர்ட்டருக்கு முன்னால், மெயினை ஒட்டியே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் அவுட்புட்டிலும் ஒன்று மாட்டி இரண்டையும் கூட்டினால், அதே மின்சாரத்தை இரண்டு முறை எண்ணுவீர்கள்.

டிபியில் இடமும் கையில் பணமும் இருந்தால் டின் ரெயில் மீட்டர் ஒன்றை மெயினுக்குப் பின்னால் போட்டு ஆர்எஸ்485-இல் (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் முறை) படிப்பதுதான் சிறந்தது. முனைகள் மூடியிருக்கும், கணக்கு மீட்டரிலேயே நிலைக்கும். ஈஸ்ட்ரான் எஸ்டிஎம்120 வாங்கினால் அதன் வேகம் பெட்டியிலிருந்து வரும்போது 2400 பாட், 9600 அல்ல. பதிலே வரவில்லையென்றால் வேகத்தைப் பாருங்கள், பிறகு ஆர்எஸ்485-இன் ஏ-பி வயர்களை மாற்றிப் பாருங்கள்.

ஹோம் அசிஸ்டன்டில் எனர்ஜி டாஷ்போர்டு எடுத்துக்கொள்ள சென்சார் கிலோவாட் மணி (அதாவது யூனிட்) போன்ற ஆற்றல் அளவில் இருக்க வேண்டும், ஸ்டேட் கிளாஸ் என்ற அமைப்பு 'டோட்டல் இன்கிரீசிங்' அல்லது 'டோட்டல்' என்று இருக்க வேண்டும். வாட் சென்சாரைக் கொடுத்துவிட்டு டாஷ்போர்டில் காணோம் என்று தேடுகிறார்கள். குறிப்பிட்ட காலக் கணக்கை எண்ணும் யுட்டிலிட்டி மீட்டர் வசதியில் 'பைமன்த்லி' (இரண்டு மாதத்துக்கு ஒருமுறை) என்று தேர்ந்தெடுத்தால் அது ஒன்றாம் தேதியில் பூஜ்யமாகும், உங்கள் ஈபி ரீடிங் தேதி வேறாக இருக்கும். ஆஃப்செட் (எத்தனை நாள் தள்ளித் தொடங்க வேண்டும் என்பது) கொடுங்கள், அல்லது ரீடிங் எடுத்த அன்றே கையால் பூஜ்யமாக்குங்கள். எச்சரிக்கையை 490-இல் வைத்துப் பயனில்லை, 400-இலும் 450-இலும் வையுங்கள். மாட்டிய முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் டிஸ்பிளேயையும் உங்கள் எண்ணையும் எழுதி ஒப்பிடுங்கள். சிடி முறையில் ஒன்றிரண்டு சதவீதம் விலகும், அதைப் பெருக்கும் எண்ணில் சரிசெய்யலாம். பத்து சதவீதம் விலகினால் பெருக்கும் எண்ணைத் தொடாதீர்கள், எங்கோ ஒரு வயர் தவறான இடத்தில் இருக்கிறது.