வெங்காயம் நறுக்கிய கத்தி எந்தப் பக்கம்?

இறைச்சிக்கென்று வைத்திருக்கும் கத்தியால் ஒரு வெங்காயத்தை நறுக்கியாயிற்று. கத்தி கழுவித் துடைத்த கத்திதான், ஒரு பிசுக்கும் கிடையாது. அந்த வெங்காயத்தைச் சீஸ் போட்ட ஆம்லெட்டில் சேர்க்கலாமா? இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்கிற கோஷர் உணவு விதிப்படி சமைக்கும் யூத வீட்டில் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதே கத்தியால் வெள்ளரிக்காயை நறுக்கியிருந்தால் அலசிவிட்டுச் சேர்த்துக்கொள் என்பார்கள். வெள்ளரிக்கு இல்லாத ஏதோ ஒன்று வெங்காயத்துக்கு இருக்கிறது: காரம். கத்தியின் அழுத்தமும் சாற்றின் காரமும் சேர்ந்தால், இரும்புக்குள் ஒளிந்திருக்கும் இறைச்சிச் சுவை வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. இறைச்சிக் கத்தியால் நறுக்கிய முள்ளங்கியைப் பால் சேர்ந்த தொட்டுகையோடு சாப்பிடலாமா என்று யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூதிலேயே ஒரு விவாதம் இருக்கிறது.

கோஷர் கிச்சன் என்றால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கிப்போடுவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் சில சாமான் இரண்டு வேண்டும், சில சாமான் ஒன்றே போதும், ஒரு சில மூன்று வேண்டும். எது எத்தனை என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: சுவை எந்த வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்?

மூலம் ஒரு சின்ன வசனம். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யூத வேதமான தோராவில் (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) மூன்று இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை. அதை வைத்து யூத மதகுருக்களான ரபிகள் நூற்றாண்டுக் கணக்கில் விரித்தெழுதியதுதான் இன்றைய அமைப்பு. இறைச்சியும் கோழியும் ஒரு பக்கம், பாலும் பால் பொருட்களும் இன்னொரு பக்கம். தானியம், காய்கறி, முட்டை, மீன் எல்லாம் நடுவில். இந்த நடுப்பக்கத்துக்குப் 'பார்வே' என்று பெயர். தேங்காய்ப்பால் பேரில்தான் பால், சட்டப்படி பார்வே. அதனால்தான் கொச்சி யூதர்களின் கறிக்குழம்பில் தேங்காய்ப்பால் தாராளமாகப் போகும். கறி சாப்பிட்டபின் பால் குடிக்கப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் யூத வழக்கத்தில் அது 3 மணி நேரம்.

சரி, சாப்பாட்டைப் பிரித்தாயிற்று. பாத்திரத்தை ஏன் பிரிக்க வேண்டும்? பாத்திரம் சுவையை உறிஞ்சும், பிறகு கக்கும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை அனுமானம். மீன்குழம்புச் சட்டியில் பால் காய்ச்சாத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லேவியராகமம் ஒரு படி மேலே போகிறது: பாவநிவாரண பலியின் இறைச்சி வெந்த பாத்திரம் செம்பு என்றால் தேய்த்துக் கழுவு, மண் என்றால் உடைத்துவிடு. மண் உறிஞ்சியதை முழுதாகக் கக்கவே கக்காது என்பது ரபிகள் இதற்குச் சொல்லும் காரணம்.

மண்பாண்டத்தைப் பொறுத்தவரை இன்றைய வேதியியல் அப்படியே தலையாட்டுகிறது. மெருகு பூசாத மண்சட்டியின் சுவர் முழுக்க நுண்துளைகள். சூட்டில் இளகிய கொழுப்பு அதற்குள் ஊறி, ஆயிரக்கணக்கான வருஷம் அங்கேயே கிடக்கும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 1998-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய ஓட்டுச் சில்லைப் பொடித்து, அதில் ஊறிய கொழுப்பைப் பிரித்தெடுத்து, அது பாலா இறைச்சியா என்று சொல்லிவிடலாம். பாலிலும் இறைச்சியிலும் ஸ்டியரிக் அமிலம் உண்டு. ஆனால் மாட்டின் மடி அதைத் தானாகத் தயாரிப்பதில்லை, தீவனத்திலிருந்தும் உடம்பின் சேமிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் பாலின் ஸ்டியரிக் அமிலத்தில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகை கொஞ்சம் குறைவாக இருக்கும். 2008-ல் இதே குழு 2,200-க்கும் மேற்பட்ட பாண்டங்களைச் சோதித்து, துருக்கிப் பக்கம் கி.மு. 7-ஆம் ஆயிரமாண்டிலேயே சட்டியில் பால் காய்ந்திருக்கிறது என்று காட்டியது. ஒரு சட்டி பால் பக்கமா கறி பக்கமா என்று கேட்டால் ஒன்பதாயிரம் வருஷம் கழித்தும் பதில் வருகிறது.

எவர்சில்வர் கதை வேறு. அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் மூடியிருக்கும். மண்சட்டி போல உள்ளே இழுக்கத் துளைகள் இல்லை; ஏதாவது ஒட்டினால் கீறல்களிலும் கைப்பிடி ஆணிகளிலும்தான். ஆனால் சட்டம் எழுதப்பட்ட காலத்து உலோகம் இப்படி வழவழப்பாக இருக்கவில்லை, சட்டமும் மாறவில்லை. உலோகச் சுவர் முழுவதும் சுவையில் ஊறியது என்று வைத்துத்தான் இன்றும் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தவறி விழுந்த பொருளைவிட மற்றது 60 மடங்கு இருந்தால் சுவை கரைந்துபோனதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. கறிக்குழம்பில் ஒரு துளி பால் தெறித்தால் இதை வைத்துத் தப்பிக்கலாம். பாத்திரமே தப்பான பாத்திரம் என்றால்? 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், 1 மி.மீ. தடிமன் உள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 3.8 லிட்டர் பிடிக்கும். அடியும் சுவரும் சேர்த்து உலோகம் ஏறக்குறைய 107 கன செ.மீ. வகுத்தால் 35 மடங்குதான், 60-க்கு எட்டவில்லை. கனமான மண்சட்டி என்றால் 5 மடங்குகூட வராது. விளிம்புவரை நிரப்பினாலும் சாதாரண வீட்டுப் பாத்திரம் இந்தப் பரீட்சையில் தேறாது. இரண்டு செட் பாத்திரம் வாங்கச் சொல்வது இந்த வகுத்தல்தான்.

கண்ணாடியில் சண்டை உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலின் சஃபேத் நகரில் இருந்த சட்ட அறிஞர் ரபி யோசேஃப் காரோ, கண்ணாடி எதையும் உறிஞ்சாது, கழுவினால் போதும் என்று எழுதினார். அதே காலத்தில் போலந்தின் கிராக்கோவ் நகரில் ரபி மோசே இசர்லெஸ், புளித்த மாவுப் பண்டம் அறவே கூடாத பஸ்காப் பண்டிகைக்கு அது செல்லாது என்று குறிப்பெழுதினார். பொருளறிவியல் காரோ பக்கம் சாய்கிறது. ஆனாலும் ஐரோப்பிய வழிவந்த குடும்பங்கள் இசர்லெஸையே பின்பற்றுகின்றன.

அடுத்தது சூடு. சுவை நகர ஒரு குறைந்தபட்சச் சூடு வேண்டும்; அதற்கு ரபிகள் வைத்த அளவுகோல் கை. தொட்டதும் கை வெடுக்கென்று பின்வாங்குகிற சூடு. இன்றைய ரபிகள் பொதுவாக அதை 45 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் நரம்பு முனைகளில் சூட்டு வலியை உணரும் டிஆர்பிவி-1 என்ற புரதத்தை டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல் அடையாளம் கண்டது. 2021-ல் மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்ததற்கு அது முக்கியக் காரணம். அந்தப் புரதம் திறந்துகொள்வது ஏறக்குறைய 43 டிகிரியில். மாட்டுக்கொழுப்பு உருகுவதும் 40-க்கும் 50-க்கும் நடுவில்தான். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கையை நம்பியவர்கள் பெரிதாகத் தவறிவிடவில்லை.

அடுப்பிலிருந்த பாத்திரத்துக்கு 'முதல் பாத்திரம்' என்று பெயர். அதிலிருந்து ஊற்றி வாங்கும் கிண்ணம் 'இரண்டாம் பாத்திரம்'. இரண்டாவதன் சுவர் குளிர்ந்திருப்பதால் அதில் சமைக்கும் வேகம் போய்விடும் என்பார்கள். திடப்பொருளுக்கு மட்டும் பலர் சலுகை தருவதில்லை. இது எவ்வளவு சரி என்று வேகவைத்த உருளைக்கிழங்கை அவசரமாக வாயில் போட்டவர்களுக்குத் தெரியும். குழம்பு கிண்ணத்தில் விழுந்ததும் சுழன்று சுவரோடு சூட்டைப் பகிர்ந்துகொள்கிறது. கிழங்கின் நடுவில் இருக்கும் சூட்டுக்கு அப்படி வெளியேற வழியில்லை.

இதெல்லாம் மனதில் இருந்தால் கிச்சன் வரைபடம் தானாக விழும். குளிர்சாதனப் பெட்டி ஒன்று போதும். குளிர்ந்திருக்கும் பொருள் சுவை கடத்தாது, மூடிவைத்தால் சரி. (ஒரு விதிவிலக்கு: திரவத்தில் 24 மணி நேரம் ஊறிக் கிடந்தால் அது சமைத்ததற்குச் சமம்.) மசாலா அலமாரி ஒன்று போதும், ஆனால் கொதிக்கும் கறிப் பாத்திரத்துக்கு மேல் மிளகு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டக் கூடாது, ஆவி டப்பாவுக்குள் ஏறிவிடும்.

சிங்க் இரண்டு. தட்டிலிருந்து வழிந்த எண்ணெயும் குழாயின் கொதிநீரும் சந்திக்கிற இடம் அது, சூடு, ஈரம், கொழுப்பு மூன்றும் ஒன்றாக இருக்கும். பீங்கான் சிங்க்கை வாங்க வேண்டாம் என்பார்கள். மண் வகையறா என்பதால் ஒருமுறை கறியும் பாலும் கலந்து கெட்டால் மீட்க முடியாது. எவர்சில்வரைக் கொதிநீர் ஊற்றி மீட்கலாம். மேடைக்குக் கருங்கல் நல்லது. கல்தூளைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த செயற்கைக் கல்லைப் பற்றி ரபிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை.

ஓவன்தான் பெரிய தலைவலி. ஈரமான பதார்த்தத்தைத் திறந்துவைத்து வேகவிட்டால் ஆவி மேலே போய்க் கூரையில் படியும். துளியாகித் திரும்ப விழும். கறிச்சுவை ஏறிய கூரையிலிருந்து அடுத்த நாள் சீஸ் பணியாரத்தில் சொட்டினால் போச்சு. வசதி இருப்பவர்கள் இரண்டு ஓவன் வைப்பார்கள், மற்றவர்கள் ஒரு வகையை எப்போதும் மூடியே வேகவைப்பார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் இதே ஆவி, போதாததற்கு அடியில் பருக்கை தேங்கும் வடிகட்டி. அதனால் தனித்தனி இழுப்பறையாக இயங்கும் இரட்டை மாடலுக்கு இந்த வீடுகளில் நல்ல கிராக்கி.

கெட்டதை மீட்கும் முறை இரண்டு. கொதிநீரில் கெட்டதற்குக் கொதிநீர், நெருப்பில் கெட்டதற்கு நெருப்பு. எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். பஸ்காவுக்கு முந்தைய நாட்களில் ஜெருசலேம் தெருக்களில் பெரிய அண்டாக்களில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். மக்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். வலைக்கூடையில் போட்டு முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசித் தருவார்கள். முந்தைய 24 மணி நேரம் அந்தப் பாத்திரத்தை உபயோகித்திருக்கக் கூடாது. ஒரு நாள் போனால் உள்ளே ஊறிய சுவை கெட்டுவிடும், கெட்ட சுவைக்குத் தடை இல்லை என்பது விதி. காற்றுபட்ட எண்ணெய் நாளாக ஆகக் காறிப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு முறைக்கு இன்று ஓவன்களின் தானியங்கிச் சுத்திகரிப்பு வசதி கைகொடுக்கிறது. சுமார் 480 டிகிரியில் உள்ளே இருக்கும் கொழுப்பெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும்.

அப்புறம் சபாத், யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குள் ஆரம்பித்து சனி இரவு வரை தீ மூட்டக் கூடாது, அணைக்கக் கூடாது. மின்சார சுவிட்சும் இந்தத் தடைக்குள்தான். இந்த 25 மணி நேரத்துக்காகக் கிச்சனில் தனி வடிவமைப்பு வேண்டும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அதுவே மீறல். 12 மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் ஓவன் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டைக் கைவிட்டுவிடும். பாத்திரம் வைத்திருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்கிற இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தை எடுப்பதும் வைப்பதுமே சுவிட்ச் போடுவதற்குச் சமம்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க உற்பத்தியாளர்கள், பால்ட்டிமோரில் உள்ள ஸ்டார்-கே என்ற கோஷர் சான்றிதழ் அமைப்போடு சேர்ந்து 'சபாத் மோடு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இதில் விளக்கு, திரை, பீப் சத்தம் எல்லாம் ஊமையாகிவிடும், தானாக அணைவதும் ரத்து. சபாத் அல்லாத பண்டிகை நாட்களில் ஏற்கனவே எரிகிற தீயில் சமைக்கலாம் என்பதால் சூட்டைக் கூட்டவும் வழி உண்டு. பொத்தானை அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது. முன்கூட்டிச் சொல்ல முடியாத சில நொடித் தாமதம் கழித்துத்தான் ஓவனுக்குச் செய்தி போகும். நேரடியாகச் செய்ததாக ஆகாமல், மறைமுகமாக நேர்ந்ததாக ஆக்கும் தந்திரம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தாமதத்தைக் குறைக்கப் பாடுபடுவார்கள், இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு தாமதத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

இஸ்ரேல் வீடுகளில் இதற்கு இன்னும் எளிய பதில் இருக்கிறது: 'பிளாட்டா', திருகு குமிழே இல்லாத மின் தகடு. டைமரில் மாட்டிவிட்டால் ஒரே சூட்டில் கிடக்கும். பீன்ஸ், பார்லி, உருளை, கறி போட்ட சோலெந்த் குழம்பு வெள்ளி இரவு முழுக்க அதன் மேல் உட்கார்ந்திருக்கும். விடிவதற்குள் கறியின் கெட்டியான கொலாஜன் ஜெலட்டினாக இளகி, குழம்பு தானே திக்காகிவிடும்.

வாடகை ஃபிளாட்டில் இவ்வளவுக்கும் இடம் ஏது? ஒரே சிங்க்கில் சிவப்பு டப் ஒன்று, நீல டப் ஒன்று. கரண்டிக் காம்பில் கலர் டேப். பச்சைப் பிடி போட்ட மூன்றாவது கத்தி பார்வேக்கு. வெங்காயமும் பூண்டும் அதில்தான். அப்படியும் பிள்ளைகள் பால் கரண்டியைக் கறிக்குழம்பில் விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரம்மா ரபிக்குப் போன் போடுவார். திட்டு விழாது, கேள்விகள்தான் வரும். கரண்டி எவர்சில்வரா, மரமா? குழம்பு கை பொறுக்கிற சூடா, கொதித்துக்கொண்டிருந்ததா? கரண்டியின் எந்த அளவு உள்ளே போயிற்று, பானையில் எவ்வளவு இருந்தது? அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலைத் தொட்டு 24 மணி நேரம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் குழம்பு தப்பிவிடும், கரண்டி மட்டும் அண்டாவுக்குப் போகும். அதற்குமுன் ஒரு கேள்வி பாக்கி: குழம்பில் வெங்காயம் உண்டா, எந்தக் கத்தியால் நறுக்கினீர்கள்?