ஒளிவிலகல்: நோக்கி விலகுவது எப்படி?

"காற்றிலிருந்து தண்ணீருக்குள் செல்லும் ஒளிக்கதிர் குத்துக்கோட்டை நோக்கி விலகுகிறது." நாகர்கோவிலில் பள்ளியில் படித்தபோது இந்த வரியை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். (குத்துக்கோடு என்பது கதிர் படும் இடத்தில் நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோடு.) "சார், நோக்கிப் போனால் நெருங்குவதல்லவா? விலகுவது எப்படி?" என்று கேட்டேன். பெஞ்சு மேல் ஏறி நின்றதுதான் மிச்சம்.

கேள்வி நியாயமானதே. விலகுதல் என்றால் ஒன்றைவிட்டு அகல்வது. எதைவிட்டு என்பதில்தான் குழப்பம். ஒளி விலகுவது, தான் நேராக வந்த பாதையைவிட்டு. விலகிய பிறகு குத்துக்கோட்டை நெருங்கவும் செய்யலாம், தள்ளிப் போகவும் செய்யலாம். 'தன் பாதையிலிருந்து விலகிக் குத்துக்கோட்டை நெருங்குகிறது' என்று எழுதியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கால் வலித்திருக்காது.

விலகக் காரணம் வேகம். வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. பாயும் ஒளி, தண்ணீரில் சுமார் 2.25 லட்சம்தான் போகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் 1.33 தண்ணீரின் ஒளிவிலகல் எண். சாய்வாக நுழையும் கதிருக்கே திசை மாறும். செங்குத்தாக இறங்கினால் வேகம் மட்டும் குறையும்.

ஆங்கிலத்தார் சொல்லும் 'ரிஃப்ராக்ஷன்', உடைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்லும் 'ஃப்ராக்சர்' அதற்கு உடன்பிறப்பு. இலங்கைப் பாடநூல்களிலும் ஒளிவிலகல் 'ஒளிமுறிவு', ஒளிவிலகல் எண் 'முறிவுச் சுட்டி' என்றே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மலையாள வழியில் படித்தவர்களுக்கு இது 'அபவர்த்தனம்'. குளத்தில் பாதி முங்கிய கம்பைப் பார்த்தால் முறிவு என்பதே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் முறிந்து தெரிவது கம்பு. ஒளி பாதை மாறியதோடு சரி. என் ஓட்டு விலகலுக்குத்தான்.

"மக்களே, தண்ணீர் காட்டுகிற படியை நம்பிக் கால் வைக்காதே" என்பார் ஆச்சி, கோயில் குளத்தில் இறங்கும்போதெல்லாம். படியிலிருந்து வரும் கதிர்கள் தண்ணீரைவிட்டு வெளியேறும்போது விலகுவதால், 4 அடி ஆழத்தில் கிடக்கும் படி நேர்மேலிருந்து பார்த்தால் 3 அடியில் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே. ஒருநாள் வைத்த காலுக்குக் கீழே படி இல்லை. வாய் நிறையப் பாசித் தண்ணீர்.

இன்னொரு சொல்லும் ஏமாற்றும்: 'அடர்மிகு ஊடகம்'. ஒளி கடந்து செல்லும் பொருள் ஊடகம்; அதில் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு 'அடர்மிகு'. தேங்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.45. எடைக்கு லேசான எண்ணெய், ஒளிக்குத் தண்ணீரைவிட அடர்மிகு ஊடகம்!

காற்றும் ஒரே சீரான ஊடகம் கிடையாது. கீழே வர வர அடர்த்தி கூடுகிறது. அதனால் அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி ஏறத்தாழ அரை பாகை வளைந்து, சூரியனை அவ்வளவு மேலே தூக்கிக் காட்டுகிறது. வானில் சூரியனின் அகலமும் ஏறத்தாழ அரை பாகைதான். கன்னியாகுமரியில் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டுவிட்டது என்று எல்லோரும் கைபேசியை உயர்த்தும் அந்த நொடியில், சூரியன் ஏற்கெனவே முழுதாக அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும்.