இருபடி வேண்டாம், இணை போதும்

அறிவியலில் வரும் டைமர் (dimer) என்பதற்கு ‘இருபடி’ என்று எழுதுவதை இனியும் சகிக்க முடியவில்லை. ‘டெங்கு வைரஸின் உறைப் புரதங்கள் இருபடியாகின்றன’ என்று படிப்பவருக்கு என்ன விளங்கும்? பத்தாம் வகுப்பில் போட்ட இருபடிச் சமன்பாடுதான் கண்முன் வரும்.

மூலம் கிரேக்கம். ‘டி’ இரண்டு, ‘மெரோஸ்’ பகுதி. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் அமைப்பாக நின்றால் டைமர். அவ்வளவுதான்.

பாலிமருக்குப் ‘பலபடி’ இருக்கிறதே, அதே வழியில் டைமருக்கு இருபடி என்பார்கள். பாலித்தீனில் ஒரே அலகு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. படி என்றால் நகல் என்று கொண்டாலும் அங்கே பொருந்தும். டெங்குவில் பொருந்தாது. தொற்றிய செல்லுக்குள் புது வைரஸ் உருவாகும்போது ‘இ’ என்ற உறைப் புரதம் முதலில் சேர்வது இன்னொரு ‘இ’யோடு அல்ல, பிஆர்எம் என்ற வேறு புரதத்தோடு. அதன் துணையில்லாமல் ‘இ’ சரியாக மடிவதுகூட இல்லை. இந்த ஜோடிகள் மும்மூன்றாகக் கூடி, முதிராத வைரஸின் மேல் 60 முட்களாக நிற்கின்றன. இதில் எது எதற்குப் படி? ‘வேற்றின இருபடி’ என்று ஒட்டுப் போட்டால் ‘வேறான இரண்டு நகல்கள்’ என்றாகிறது. வேறானது எப்படி ஐயா நகலாகும்?

நகல்கள் சேர்வது அதற்குப் பிறகுதான். செல்லுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்தும் கோல்கி என்ற உறுப்பின் அமிலச் சூழலில் முட்கள் சாய்ந்து, ‘இ’யும் ‘இ’யும் ஜோடியாகின்றன, ஃபியூரின் என்ற நொதி பிஆர்எம்மை வெட்டுகிறது. முதிர்ந்த வைரஸின் மேல் 180 ‘இ’ புரதங்கள் 90 ஜோடிகளாகப் படுத்திருக்கும். அடுத்த செல்லுக்குள் புகுந்ததும், அதைச் சுமந்துபோகும் எண்டோசோம் என்ற சிறு பையின் அமிலத்தில் அந்த ஜோடிகளும் பிரிந்து மும்மூன்றாகச் சேர்கின்றன. வைரஸின் சவ்வு செல்லின் சவ்வோடு கலந்துவிடுகிறது. யார் யாரோடு எப்போது சேர்கிறார்கள் என்பதுதான் இங்கே கதையே. அதைச் சொல்ல முடியாத கலைச்சொல் எதற்கு?

கிரேக்க மூலத்துக்கு உண்மையாக இருக்கிறேன் என்று ‘இருகூறு’ பக்கம் போவதும் வம்பு. இருகூறாக்குவது என்றால் தமிழில் வெட்டிப் பிளப்பது; சேர்ந்து நிற்பதற்கு நேர் எதிர்.

‘இணை’ என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. ஒரே புரதம் இரண்டு சேர்ந்தால் தன்னிணை, வெவ்வேறு புரதங்கள் என்றால் வேற்றிணை, மூன்று சேர்ந்தால் முக்கூட்டு. சிக்குன்குனியாவுக்கும் இது அப்படியே பொருந்தும்: அதன் உறைப் புரதங்களான இ1, இ2 இரண்டும் சேர்ந்து வேற்றிணை, மூன்று வேற்றிணைகள் கூடினால் ஒரு முள், ஒரு வைரஸில் 80 முட்கள். இணைகோடுகளோடு குழம்பாதா என்று கேட்கலாம். கோடு என்ற சொல் கூடவே வருவதால் குழப்பமில்லை. இருபடிக்கு அந்தக் காவலும் கிடையாது.

‘எதற்கு வம்பு, டைமர் என்றே விடுங்கள்’ என்பவர்களுக்கும் ஒன்று. வைரஸ், புரோட்டீன் எல்லாம் தமிழ் எழுத்தில் தாராளமாக வரட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் நம் ‘ட’, ஆங்கிலத்தின் t, d என்ற இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. கொரோனாக் காலத்தில் ‘டி-டைமர்’ பார்க்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையும், வாஷிங் மெஷினில் நேரம் வைக்கும் டைமரும் எழுத்தில் ஒன்றுதான்.