வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும் முன்

"பெரியவன் பேருக்கு வீட்டை எழுதி வெச்சிடலாம்னு இருக்கேன், செட்டில்மென்ட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். செலவைச் சொல்வதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான். வீடு இன்றைக்கே மகனுக்குப் போக வேண்டுமா, உங்கள் காலத்துக்கு அப்புறம் போனால் போதுமா? முக்கால்வாசிப் பேர் "எங்க காலத்துக்கு அப்புறம்தான்" என்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதச் சொல்லும் செட்டில்மென்ட் பத்திரமோ, பணம் வாங்காமல் வீட்டை இன்றைக்கே கைமாற்றிவிடுவது.

தமிழ்நாட்டில் செட்டில்மென்ட் பக்கம் எல்லோரும் சாயக் காரணம் செலவு. வீட்டை விற்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. யார் யார் குடும்பம் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. மகன், மகள், பேரப்பிள்ளைகள் அதில் வருவார்கள், மருமகளும் மருமகனும் வரமாட்டார்கள். "மருமக பேரையும் சேர்த்து எழுதுங்க" என்று கடைசி நேரத்தில் சொன்னால் செலவுக் கணக்கே மாறிவிடும்.

சரி, செலவு குறைவு. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? செட்டில்மென்ட் பதிவாகி, பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டதும் வீடு அவருடையது. அடுத்த மாதமே அவர் அதை அடமானம் வைக்கலாம், விற்கலாம். கொடுத்தவர் மனம் மாறி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், தன் இஷ்டத்துக்கு ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. பெற்றவர் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் ஏற வேண்டும்.

எழுதிக் கொடுத்த வீட்டிலேயே மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கப்பட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எழுதும் நாளில் யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. பத்து வருடத்தில் கடன் வரும், மகன் வெளியூர் போவான், வீட்டை விற்றால்தான் ஆச்சு என்ற நிலை வரும். பிள்ளை நல்லவன் என்பதால் பாதுகாப்பு வாசகம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த வாசகம் பிள்ளையின் குணத்தைச் சந்தேகிப்பதற்காக எழுதப்படுவது இல்லை, வரப்போகும் சூழ்நிலைக்காக எழுதப்படுவது.

செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், இரண்டு விஷயங்களைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்று, கணவன் மனைவி இருவரின் ஆயுட்காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கிக்கொள்ளவும் உரிமை. "இருவரின்" என்ற சொல் முக்கியம். வீடு அப்பா பெயரில் இருப்பதால் வாழ்வுரிமையை அவருக்கு மட்டும் எழுதிவிடுகிறார்கள். அவர் போனபின் அம்மாவுக்குக் காகிதத்தில் எந்தப் பிடிமானமும் இருக்காது.

இரண்டாவது, பெறுபவர் உணவு, இருப்பிடம், மருத்துவம் என்று பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23ஆம் பிரிவு இதற்குத்தான் கைகொடுக்கிறது. 60 வயதைக் கடந்தவர் இந்த நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பராமரிக்க மறுத்தால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லாததால் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போன தாய் உண்டு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு தாயின் வழக்கில் இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாக, தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று காத்திருப்பதைவிட ஒரு பத்தியைக் கூடுதலாக எழுதிவிடுவது மேல்.

உங்கள் காலத்துக்குப் பிறகு போனால் போதும் என்றால் உயில் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது. சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளைக்கு உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, அந்த இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தால் கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில், பதிவு செய்த உயில் வராது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் வீடு முழுக்க உங்களுடையதாக இருந்தால்தான். பட்டா உங்கள் பெயரில் இருப்பதாலேயே முழு உரிமை வந்துவிடாது. மூலப்பத்திரத்தை எடுங்கள். அது உங்கள் அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் உடன்பிறந்தார் எல்லோருக்கும் சமபங்கு உண்டு. அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணம் செய்துகொடுத்த தங்கச்சிக்குச் சீர் செய்தாயிற்று என்பது பங்கைக் குறைக்காது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து உதவாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கே வேறு, அதற்கேற்ற ஆலோசனை வாங்குங்கள்.

வங்கிக் கடன் பாக்கியிருந்தால் அசல் பத்திரம் வங்கியிடம் இருக்கும். பெயர் மாற்றுவதால் அந்தக் கடன் வீட்டைவிட்டுப் போய்விடாது. முதலில் வங்கியிடம் பேசுங்கள். வருமான வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. கணவர் வாடகைக்கு விட்டிருக்கும் தன் வீட்டை மனைவிக்கு இனாமாக எழுதினாலும், வாடகை வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும்.

பத்திரம் தயாரானதும் சொத்து விவரத்தை மட்டும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சர்வே எண், கதவு எண், நான்கெல்லை, சதுர அடி எல்லாவற்றையும் மூலப்பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். கிழக்கும் மேற்கும் இடம்மாறிய ஒரு வரிக்காகப் பிழைதிருத்தல் பத்திரம் போட்டவர்கள் உண்டு, அதற்குள் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் வேலை பலமடங்கு ஆகும். பதிவு முடிந்த கையோடு பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாறியதா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, புதிய பதிவு சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.