காயாவை ‘இரும்பு மரம்’ ஆக்காதீர்கள்

நம் காயா மரம் சேர்ந்த மெமிசைலான் என்னும் தாவரப் பேரினத்தைத் தமிழில் ‘இரும்பு மரம்’ என்று எழுதுவது பெருகிவிட்டது. ‘அயர்ன்வுட்’ என்ற ஆங்கில வழக்கை அகராதி பார்த்துப் பெயர்த்த வினை இது.

மெமிசைலான் கிரேக்கச் சொல். ஸ்ட்ராபெரி மரம் எனப்படும் வேறொரு செடியின் பழத்துக்கு வழங்கியது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். பெயர் பழத்தைச் சுட்டுகிறது, இரும்பை அல்ல.

கட்டை கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கடினமான கட்டை பலவும் அயர்ன்வுட். மெசுவா ஃபெரியாவும் அதுவே, கசுவரினாவும் அதுவே. முதலாவது நமக்கு நாங்கு, இரண்டாவது சவுக்கு. மூன்றையும் இரும்பு மரம் என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? மொழிபெயர்க்கும் மூலத்தில் அயர்ன்வுட் என்று கண்டால் முதலில் தாவரவியல் பெயரைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அயர்ன்வுட் என்றே விடுங்கள். தவறான தமிழைவிட அது நேர்மை.

இத்தனைக்கும் இரண்டே எழுத்தில் நம்மிடம் பெயர் இருக்கிறது: காயா. பூவை என்பதும் இதுவே. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ‘பல்லிணர்க் காயா’. சிறுபாணாற்றுப்படையில் ‘கருநனைக் காயாக் கணமயில் அவிழவும்’. கொத்துக் கொத்தாக, மயில் நீலத்தில் பூப்பதை இந்த அடைகளே சொல்லிவிடுகின்றன. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பதும் அந்த நிறத்தால்தான். காசா என்பது இன்றைய பேச்சு வழக்கு. ‘காய்க்காதது’ என்று பிரித்துப் பொருள் சொல்வதும் பொருந்தாது. இது நன்றாகவே காய்க்கும்: உருண்டைச் சதைக்கனி, பழுத்தால் கருநீலம், உச்சியில் புல்லிவட்டத்தின் விளிம்பு முடிபோல் நிற்கும்.

நேரில் பார்ப்பவர் இலையை எதிரெதிராகத் தேடட்டும். தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். பக்க நரம்பு கண்ணுக்கு எளிதில் படாது. இதே குடும்பத்தின் மற்றச் செடிகள் பெரும்பாலானவற்றில் அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்பு வளைந்தோடும். அதை இங்கும் எதிர்பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூவுக்கு இதழ் 4, மகரந்தத்தாள் 8. முதிர்ந்த, இலை உதிர்ந்த கிளைக் கணுவிலும் பூங்கொத்து வரும். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள்.

ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பேரினம் இது. எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் கிடைக்காது. அங்கே காயாவைப் பொதுப்பெயராக வைத்து அடை சேர்க்கலாம்: மெமிசைலான் பார்விஃபோலியம் சிற்றிலைக் காயா, மெமிசைலான் அங்குஸ்டிஃபோலியம் ஒடுங்கிலைக் காயா. முதன்முறை எழுதும்போது தாவரவியல் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.