பிரிசெப்டர்: மருத்துவரைப் பயிற்றும் மருத்துவர்

குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெறுகிற இளம் மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். என்ன தொந்தரவு என்று கேட்கிறார், உடம்பைச் சோதிக்கிறார். ஆனால் மருந்து எழுதுவதற்கு முன் எழுந்து பக்கத்து அறைக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த மருத்துவரிடம் நாலைந்து வரியில் விஷயத்தைச் சொல்கிறார்: நோயாளி சொன்னது இது, நான் கண்டது இது, என் ஊகம் இது. மூத்தவர் இரண்டு கேள்வி கேட்கிறார். சில சமயம் "சரி, அப்படியே செய்யுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். சில சமயம் "வாங்க, நானும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று கூடவே எழுந்து வருவார்.

அந்த மூத்தவருக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் பெயர் பிரிசெப்டர். ஏறக்குறைய இதே வேலையைச் செய்பவரைப் பிரிட்டனில் டிரெய்னர் என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் சூப்பர்வைசர் என்கிறார்கள். ஒரு பெயர் பயிற்சியைச் சொல்கிறது, இன்னொன்று மேற்பார்வையைச் சொல்கிறது. பிரிசெப்டர் என்பது இவற்றைவிடப் பழைய சொல். தமிழில் எழுதும்போது அதை 'ஆசிரியர்' என்றோ 'வழிகாட்டி' என்றோ தள்ளிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் அந்த ஆள் யார் என்பதே கலங்கிவிடுகிறது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பிரே' என்றால் முன், 'கபெரே' என்றால் எடுத்தல், பற்றுதல். இரண்டும் சேர்ந்து 'பிரேகிபெரே' ஆனது. முதலில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுதல் என்ற பொருள். அதிலிருந்து முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவைத்தல், அறிவுறுத்தல், கட்டளையிடுதல் என்று பொருள் விரிந்தது. அறிவுறுத்தப்பட்ட விதி 'பிரேகெப்டும்', அறிவுறுத்துகிறவர் 'பிரேகெப்டோர்'. ரோமானியர்களிடம் இது ஆசிரியரைக் குறிக்கும் சாதாரணச் சொல். பிறகு இது எங்கெங்கோ அலைந்தது. இடைக்காலத்தில் டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் சபையில் ஒரு மடத்தின் தலைவருக்குக்கூட இதுவே பட்டம்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியச் சிந்தனையாளர் செனெகா, மருத்துவரையும் பிரேகெப்டோரையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசியிருக்கிறார். இந்த இருவருக்கும் உரிய கூலியைக் கொடுத்த பிறகும் ஏன் கடன் தீரவில்லை என்று தோன்றுகிறது என்பது அவர் கேள்வி. அவர்கள் மருத்துவர், ஆசிரியர் என்ற நிலையைக் கடந்து நண்பராகிவிடுகிறார்கள் என்பது அவர் பதில். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யும் ஒரு பதவிக்குப் பிற்காலத்தில் இந்தச் சொல்லே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் வேரூன்றியது அமெரிக்காவில், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில். அப்போது மருத்துவர் ஆக வேண்டுமென்றால் தொழில் செய்துகொண்டிருக்கும் ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர்தான் பிரிசெப்டர். அவருடைய புத்தகங்களைப் படிப்பது, மருந்து இடிப்பது, கணக்கு எழுதுவது, குதிரையைப் பார்த்துக்கொள்வது, அவர் நோயாளி வீட்டுக்குப் போகும்போது பை தூக்கிக்கொண்டு பின்னால் போவது, எல்லாமே படிப்பு. அதற்குக் கட்டணமும் மாணவரே கொடுப்பார். பின்னாளில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெஞ்சமின் ரஷ், 1761 முதல் 1766 வரை பிலடெல்பியாவில் ஜான் ரெட்மேன் என்ற மருத்துவரிடம் இப்படி இருந்து பழகியவர்தான். அதன் பிறகே எடின்பரோவுக்குப் போய்ப் பட்டம் வாங்கினார்.

இந்த முறையில் நல்ல பிரிசெப்டர் கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவர் சில வருடம் குதிரை தேய்த்துவிட்டு மருத்துவராக வெளியே வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் காற்று மாறியது. 1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது வில்லியம் ஆஸ்லர் அங்கே உறைவிட மருத்துவர் முறையைக் கொண்டுவந்தார். பட்டம் பெற்றவர் மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளிகளைப் பார்த்தபடி படிப்படியாகப் பொறுப்பேற்று வளர்வது அதன் முறை. 'ரெசிடென்ட்' என்ற பெயரே தங்குவதிலிருந்து வந்ததுதான். 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டுக் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் கல்வியின் மையமாகின. தெருமுனையில் வைத்தியம் பார்க்கும் தனி மருத்துவரிடம் கற்பது பழங்காலத்துச் சங்கதி ஆகிவிட்டது.

பெரிய மருத்துவமனையில் கற்றவர்கள் பெரிய மருத்துவமனைக்கு வரும் நோய்களைக் கற்றார்கள். அது நியாயமும்கூட. ஆனால் சும்மா களைப்பாக இருக்கிறது, இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வருகிறவர்களை அங்கே பார்க்க முடியாது. முதல் நாள் காய்ச்சலுக்குப் பெயர் இருக்காது. மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாமா, இன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று தீர்மானிப்பதுதான் குடும்ப மருத்துவரின் அன்றாடம். அதை வார்டில் கற்க முடியாது. அப்பா, மகள், பேத்தி என்று ஒரே வீட்டு ஆட்களைப் பல வருடம் பார்த்துவருகிறவரின் பக்கத்தில் இருந்துதான் கற்க முடியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் துறைக்குத் தனி அமைப்புகள் எழுந்தன. பிரிட்டனில் 1952இல், கனடாவில் 1954இல் 'கல்லூரி' என்ற பெயரில் இத்துறை மருத்துவர்களுக்கான தொழில் அமைப்புகள் அமைந்தன. அமெரிக்காவில் 1969இல் குடும்ப மருத்துவம் இருபதாவது சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. இன்று அங்கே அதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி, கனடாவில் இரண்டு ஆண்டு. துறை வந்ததும் பயிற்றுகிறவர் தேவைப்பட்டார், பிரிசெப்டர் என்ற பழைய சொல் புது வேலையோடு திரும்பி வந்தது. குதிரை மட்டும் வரவில்லை.

இவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் பயிற்சி நிலையத்திலேயே சம்பளத்துக்கு இருக்கும் ஆசிரிய மருத்துவர். இன்னொருவர் வெளியே சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறவர். மாணவரையோ பயிற்சி மருத்துவரையோ சில வாரம், சில மாதம் தன்னோடு வைத்துக்கொள்வார். இரண்டாமவருக்குப் பல இடங்களில் பணமாகக் கிடைப்பது சொற்பம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, மாணவர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் அன்றைய வேலை பின்தங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கிறார்.

நேரம்தான் இந்த வேலையின் பெரிய சிக்கல். அதனால்தான் 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் ஓர் எளிய முறையை எழுதி வெளியிட்டார்கள். அது 'ஒரு நிமிட பிரிசெப்டர்' என்ற பெயரில் பரவியது. பயிற்சி மருத்துவர் விவரம் சொல்லி முடித்ததும் மூத்தவர் உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. முதலில் "உங்களுக்கு என்னவென்று தோன்றுகிறது?" என்று கேட்டு ஒரு முடிவில் அவரை நிற்க வைக்க வேண்டும். அப்புறம், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று காரணத்தைத் தோண்ட வேண்டும். அதன் பிறகு அடுத்த நோயாளிக்கும் உதவுகிற மாதிரி ஒரே ஒரு பொது விதியைச் சொல்ல வேண்டும். சரியாகச் செய்ததை இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், தவறியதைத் திருத்த வேண்டும். அவ்வளவுதான். இதில் முதல் படிதான் கடினம் என்பது என் எண்ணம். விடை தெரிந்த மருத்துவர், எதிரே ஒருவர் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமில்லை.

பிரிசெப்டருக்குக் கற்பிக்கும் கடமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. அந்த நோயாளிக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டு விதிகளில் ஒரு சலுகை உண்டு: குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைச் சிகிச்சையில், சில எளிய வகை வருகைகளுக்கு மூத்தவர் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்க்காமலே மேற்பார்வை செய்யலாம். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பயிற்சி மருத்துவர்களுக்கு மேல் கூடாது, அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலையும் இருக்கக் கூடாது, உடனே கிடைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பயிற்சியில் ஆறு மாதம்கூட ஆகாதவருக்கு இந்தச் சலுகை செல்லாது.

மென்ட்டர் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். மென்ட்டர், கிரேக்கக் காவியத்தில் ஒடிசியஸ் தன் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போன நண்பரின் பெயர். இன்று அந்தப் பெயர் ஒருவரின் வாழ்க்கை, தொழில், முன்னேற்றம் எல்லாவற்றிலும் அக்கறை காட்டும் மூத்தவரைக் குறிக்கிறது. மென்ட்டர் மதிப்பெண் போட மாட்டார். பிரிசெப்டர் போடுவார், இந்த ஆள் தனியாக நோயாளி பார்க்கத் தகுதியா என்று எழுதிக் கையெழுத்திடுவதும் அவர் வேலை. ஒருவரே காலப்போக்கில் இரண்டுமாக ஆவது உண்டு, அது அவரவர் அதிர்ஷ்டம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'ஆசிரியர்' பொதுவான சொல். ஆசு என்றால் குற்றம், இரியர் என்றால் நீக்குபவர் என்று இதற்கு அழகாக விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் சொல் வந்த வழி 'ஆச்சாரிய'தான். எப்படியோ, ஆசிரியர் என்றதும் வகுப்பறையும் பாடமும் நினைவுக்கு வருகின்றன, நோயாளி நினைவுக்கு வருவதில்லை. வாத்தியாரும் அப்படித்தான். அதன் மூலமான 'உபாத்தியாயர்' என்பதற்கு, யாரை அண்டிப் போய்க் கற்கிறோமோ அவர் என்று பொருள். அந்த அண்மை நமக்குத் தேவையான பொருள்தான், ஆனால் வாத்தியார் என்று ஆன பிறகு அதை யாரும் அதில் கேட்பதில்லை. 'ஆசான்' நெருங்கி வருகிறது. வர்ம மருத்துவத்தில் இன்றும் கைப்பழக்கமாகக் கற்றுத் தருகிறவரை ஆசான் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் வாழ்நாள் முழுவதற்குமான குரு சீடர் உறவின் வாசம் இருக்கிறது. ஆறு வாரப் பொறுப்பாளருக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

'நெறியாளர்' பொருளால் லத்தீன் மூலத்துக்கு மிக அருகில் நிற்கும் சொல். நெறியைச் சொல்லித் தருகிறவர்தானே பிரேகெப்டோர்? ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மேற்பார்வை செய்பவரும் நெறியாளர், தொலைக்காட்சி விவாதத்தை நடத்துகிறவரும் நெறியாளர். 'மருத்துவக் கண்காணிப்பாளர்' என்றால் மருத்துவமனை நிர்வாகி ஆகிவிடுவார். 'ஆலோசகர்' என்றால் கன்சல்ட்டன்ட். 'வழிகாட்டி'யில் பொறுப்பு இல்லை. கைகாட்டிவிட்டு அவர் போய்விடலாம். மென்ட்டருக்கு அதை விட்டுவிடுவது நல்லது.

என் தேர்வு 'பயிற்றுநர்'. பயில் என்ற வினையிலிருந்து பயிற்று, சுழல் சுழற்று ஆவது போல. பயில் என்றால் இன்று நமக்குப் படித்தல். ஆனால் பழந்தமிழில் நெருங்கிப் பழகுதலும் அதன் பொருள். "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு" என்ற குறளில் படிப்பதற்கு 'நவில்' வந்துவிட்டது; 'பயில்' பழகுவதற்கு நிற்கிறது. பக்கத்தில் இருந்து, திரும்பத் திரும்பப் பழகி, அதனாலேயே கற்பது என்ற கருத்து ஒரே வினைக்குள் இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டுமா? விளையாட்டுப் பயிற்றுநரோடு குழம்பும் என்றால் 'மருத்துவப் பயிற்றுநர்' என்று சேர்த்து எழுதலாம். ஓட்டுநர், இயக்குநர் போல இதற்கும் 'நர்'தான், பயிற்றுனர் வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'பயிற்சி மருத்துவர்' என்று நம் பத்திரிகைகளில் வருவது கற்கிறவரை. கற்பிக்கிறவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் ஆள் தலைகீழாகிவிடும். அதேபோல் 'பொது மருத்துவர்' என்றும் எழுதாமல் இருப்பது நல்லது. மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் என்பது வேறு துறை, குடும்ப மருத்துவம் வேறு.

அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்கள் இந்தச் சொல்லை வினையாகவும் ஆக்கிவிட்டார்கள். பிரிசெப்டரிடம் போய்ச் சொல்லி ஒப்புதல் வாங்கி வருவதையே "பிரிசெப்ட் பண்ணிட்டு வரேன்" என்கிற பாங்கில் சொல்கிறார்கள். பயிற்றுவது மூத்தவர், ஆனால் எழுவாய் இளையவர். இதைத் தமிழில் அப்படியே வினையாக்க முயல வேண்டாம். "பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" போதும். பிரிட்டனில் செவிலியர் துறையில் 'பிரிசெப்டர்ஷிப்' என்று கண்டால் மட்டும் கவனம் வேண்டும். அது படித்து முடித்துப் பதிவும் பெற்று, புதிதாக வேலையில் சேர்ந்த செவிலியருக்கு முதல் சில மாதங்களில் கிடைக்கும் துணைக்காலத்தைக் குறிக்கிறது. அங்கே கற்கிறவர் மாணவர் அல்ல, ஆகவே 'தொடக்கப் பணித்துணை' என்பது போல வேறொரு பெயர் வேண்டும்.