போக்கர் சீட்டாட்டத்துல டாங்க் பெட்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல துனிங்கிற சீட்டாட்டம் ஆடி வளந்தவங்க போக்கருக்கு வந்தா மொதல்ல இடிக்கிறது சீட்டு மதிப்புதான். துனியில ஜாக்குக்கு 30, ஒம்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11, மொத்தம் 304, ஊர்ல முன்னூத்தி நாலு ஆடினவங்களுக்கு உடனே புரியும். போக்கர்ல ஏஸ்தான் பெரிசு, அது சீக்கிரம் பழகிரும். டேபிள்ல பறக்குற வார்த்தைங்கதான் பழகாது, டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதித் தம்பி ஒருத்தர் கேட்டது இந்த டாங்க் பெட்.

அர்த்தம் இதுதான். முந்தின ரவுண்டுல பெட் போட்டு ஆட்டத்தை ஓட்டினவன் உங்களுக்கு அப்புறம்தான் பேசப்போறான், நீங்க செக் (காசு போடாம தள்ளிவிடுறது) சொல்லி அவன்கிட்ட விடாம நீங்களே முதல்ல பெட் போட்டா அது டாங்க் பெட்.

டாங்க்ங்கிறது டாங்கியோட சுருக்கம், கழுதைதான். இங்கிலீஷ்ல டாங்கியே 18-ம் நூற்றாண்டு கடைசியில வந்த சொல், அதுக்கு முன்னாடி கழுதைக்கு ஆஸ்னுதான் பேரு. போக்கர்ல விவரம் தெரியாம ஆடுறவனை டாங்கின்னு திட்டுவாங்க, 2003-ல கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன்ல தகுதி வாங்கி போக்கர் வேர்ல்டு சீரிஸ் போட்டியில ஜெயிச்சப்புறம் புதுசா கூட்டம் கூட்டமா ஆட வந்தாங்க, இந்தத் திட்டுக்கும் நல்ல வேலை கிடைச்சுது. அவனே எப்படியும் பெட் போடுவான், செக் பண்ணி அவனைப் போடவிட்டு மேல ஏத்துறதை (செக் ரெய்ஸ்) விட்டுட்டு நீ ஏன் முந்துறே, இதுதான் கேலிக்குக் காரணம்.

ஃப்ளாப்ல, அதாவது பொதுச் சீட்டு முதல் மூணு விழுறப்போ, இந்தக் கேலி பெரும்பாலும் சரிதான். ஆனா ரிவர்ல, கடைசியா விழுற அஞ்சாவது சீட்டுல, கதை வேற. பிக் ப்ளைண்ட்ல (சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே கட்டாயமா காசு போடுற இடம்) உங்க கையில இஸ்பேடு 8, 7. கீழ பொதுவா ஏஸ், 6, 5, அப்புறம் ராணி, ரெண்டு தடவையும் நீங்க செக், அவன் பெட், நீங்க கால் (அவன் போட்ட அளவே போடுறது). ரிவர்ல 4 விழுது, உங்களுக்கு 4-லேருந்து 8 வரை வரிசையா அஞ்சு சீட்டு, அதாவது ஸ்ட்ரெய்ட். அந்த 4 யாருக்கு உதவும்னு அவனுக்கும் தெரியும், ப்ளைண்ட்ல மலிவா உள்ள வந்தவனுக்குத்தான். அதனால ஏஸ், ராஜா வெச்சிருந்தாலும் பயந்து செக் பண்ணிருவான், நீங்க பதுங்கினதுக்கு ஒரு ராண்ட் கூட வராது. பாட்ல, அதாவது நடுவுல சேர்ந்த பணத்துல, 600 ராண்ட் இருக்கு, நீங்க 300 போடுறீங்கன்னு வைங்க, நாலுக்கு ஒரு தடவை அவன் கை ஜெயிச்சாலே கால் பண்றது அவனுக்கு நஷ்டமில்ல, அதனால ஏஸை விட மனசு வராம கால் பண்ணுவான். 2015-ல வந்த பியோசால்வர் மாதிரி, எப்படி ஆடணும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேரும் இப்படிச் சில சீட்டுல முந்துறதுதான் சரின்னு காட்டினதும் கேலி கொஞ்சம் அடங்கிச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

இதோட தம்பி முறை ப்ளாக் பெட். கை சுமார், அவன் பெரிசா போட்டா கால் பண்ண மனசில்ல, அதனால அதே 600-க்கு நீங்களே 150 போட்டு விலையைச் சின்னதாக்குறது. அவன் மேல ஏத்தினா பேசாம சீட்டைக் கவுத்திருங்க.

தமிழ்ல 'கழுதைப் பந்தயம்'னு சொன்னா சிரிப்பு வரும், ஆனா செய்யுற வேலை அதுல தெரியல, திட்டுதான் தெரியுது. என் ஓட்டு 'முந்துபந்தயம்'. ப்ளாக் பெட்டுக்குத் 'தடுப்புப் பந்தயம்', செக் ரெய்ஸுக்குப் 'பதுங்கி ஏத்துறது'. கேசினோ டீலர்கிட்ட மட்டும் செக், பெட், ரெய்ஸ்னே சொல்லுங்க, அங்க இந்தத் தமிழ்ப் பேருங்க செல்லாது.